இரண்டாவது பேனல்

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி, புதன்கிழமை, நெய்வேலியில் ஒரு சோதனைச் சுவர் வார்த்தோம். பதினைந்து அடி நீளம், பத்து அடி உயரம், ஓரடி கனத்தில் இரண்டு பேனல்கள், நடுவில் ஆள் நுழையும் இடைவெளி விட்டு. அந்தச் சுவர் எதையும் தாங்கப் போவதில்லை. தேறுகிறதா, தேறவில்லையா என்று பார்ப்பதற்காக மட்டுமே கட்டியது. தேறினால் என் அக்கா புருஷனுக்கும் அவருடைய ஆட்கள் ஏழு பேருக்கும் வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதலில் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரை வெளியே கொண்டுபோக இரண்டு கிலோமீட்டருக்குக் கான்கிரீட் கால்வாய். சென்னைக் கம்பெனி ஒன்று காண்ட்ராக்ட் எடுத்திருந்தது. நான் அதன் லேபில் உதவியாளன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்னைப் புதுப்பிப்பார்கள். அக்கா திலகவதியின் கணவர் தெய்வசிகாமணி, முத்தாண்டிக்குப்பத்துக்காரர், அதே சைட்டில் வைப்ரேட்டர் கேங்குக்கு மேஸ்திரி. கொட்டிய கான்கிரீட்டுக்குள் அதிரும் ஊசியை விட்டு, காற்றை வெளியேற்றி, மூலைமுடுக்கெல்லாம் கெட்டிப்படுத்துவது அவர்கள் வேலை. ஊசி சரியாக இறங்காத இடத்தைப் பலகை பிரித்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த சைட்டில் தெய்வசிகாமணி கைபட்ட எந்த வார்ப்பிலும் தேன்கூடு விழுந்ததாகப் பதிவேட்டில் இல்லை. அவருக்குப் பரிந்து இதைச் சொல்லவில்லை. பதிவேட்டை எழுதியவன் நான்.

கால்வாய்ச் சுவரில் கம்பி நெருக்கம். விரல் நுழையாத இடத்தில் ஊசி எப்படி நுழையும்? அதனால் எங்கள் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் சைமன்ராஜ் புதுவிதமான கான்கிரீட்டைக் கொண்டுவந்தார். தானாகவே ஓடும், தானாகவே கம்பிக்குள் புகுந்து நிறையும், தானாகவே கெட்டிப்படும். சிமெண்டில் நூற்றுக்கு நாற்பது பங்கை எடுத்துவிட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல் போட்டோம். ஆற்று மணல் லாரி வருவது குதிரைக்கொம்பாக இருந்த நேரம். மணலில் பாதியை நிறுத்திவிட்டு, ஜல்லி உடைக்கும் கிரஷரில் விழும் தூளைப் போட்டோம். ஓடுவதற்கு ஒரு கெமிக்கல். பத்து மாதம், நாற்பத்தொரு கலவை. ஒவ்வொன்றையும் எடை போட்டு, வார்த்து, உடைத்து, எழுதியவன் நான்தான்.

ஜனவரியில் ஒரு நாள் லேப் முற்றத்தில், கலவை எவ்வளவு ஓடுகிறது என்று நான் தகரக் கூம்பில் நிரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெய்வசிகாமணி கேங்கோடு வந்து நின்றார்.

“இன்னா மச்சான், சாம்பலையும் தூளையும் போட்டுக் கூழு காச்சிகினு இருக்கியாமே. உப்பு போட்டியா?”

ஏழு பேரும் சிரித்தார்கள். பெரியண்ணன் என்கிற ஆள் மட்டும் சிரித்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

“பாத்துட்டுச் சொல்லுங்க மாமா,” என்று கூம்பைத் தூக்கினேன். கான்கிரீட் தகரத்தின்மேல் வட்டமாகப் பரவி, அறுபத்தெட்டு சென்டிமீட்டரில் நின்றது. ஓரம் வரைக்கும் ஜல்லி பிரியாமல் வந்திருந்தது.

தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். “இதுக்கு ஊசி எப்படி வுடுவ?”

“விடவே கூடாது. விட்டா கல்லு கீழ போயிரும், கூழு மேல வந்துரும்.”

“ஊசி வுட்டா கெட்டுப்போற கான்கிரீட்டா? யார்ரா உனக்குச் சொன்னது?”

“சைமன்ராஜ் சார்.”

“அப்ப நாங்க ஊசிய வச்சிகினு கோணி தைக்கிறதா?”

யாரும் சிரிக்கவில்லை. நான் வட்டத்தின் குறுக்களவை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர் என்னை மச்சான் என்று கூப்பிடுவதை விட்டார். “லேப் சாரு” என்றார், நான் அவருக்கு எதிரில் நிற்கும்போதும் யாரோ மூன்றாம் மனிதனைச் சொல்வதுபோல. “லேப் சாரு வந்துட்டாரு, எழுந்து நில்லுங்கடா.” “லேப் சாருக்கு வழி வுடு, பேப்பரு நசுங்கிடப் போவுது.” அக்கா வீட்டுக்குப் போனால் தட்டில் சோறு விழும், பேச்சு விழாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே கேட்டாள்: “கூடப்பொறந்தவ வூட்டு அடுப்புல தண்ணி ஊத்துறதுக்கா உன்ன நம்மப்பா பாலிடெக்னிக்கு அனுப்புனாரு?”

“நான் இல்லன்னா வேற ஒருத்தன் கலக்குவான் அக்கா.”

“வேற ஒருத்தன் கலக்கட்டும். அவனுக்கு நான் சோறு போட வேணாமில்ல.”

*

வார்ப்பு நாளன்று சைமன்ராஜ் சர்ச்சில் காலைப் பூசை முடித்து நேரே சைட்டுக்கு வந்தார். அன்று சாம்பல் புதன். அவர் நெற்றியில் சாம்பல் சிலுவை இருந்தது.

“சாரு நெத்தியிலயே கலந்துகினு வந்துட்டாரு,” என்றான் பெரியண்ணன், காதில் விழும்படியாக.

சைமன்ராஜ் அமைதியானவர்தான். ஆனால் அன்று அவருக்குப் பொறுமை இல்லை. “ஆமாய்யா. மனுஷனுக்குக் கடைசியில இதுதான்னு வருஷத்துக்கு ஒரு தடவ எனக்குச் சொல்லி அனுப்புறாங்க. உனக்குச் சொல்ல ஆள் இல்ல. ஓரமா நில்லு.”

முதல் பேனல் இருபத்தைந்து நிமிடத்தில் நிறைந்தது. ஒரு மூலையில் கொட்டினோம். அது கம்பிக்குள் புகுந்து மறுமூலைக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. வைப்ரேட்டர் இரைச்சல் இல்லாத வார்ப்பை அந்த சைட் அன்றுதான் பார்த்தது. பம்ப் நின்றபிறகு காக்கைச் சத்தம் கேட்டது. எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று பார்த்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு சைமன்ராஜை மேனேஜர் அழைத்துப் போய்விட்டார். அப்போது வந்தவர் இன்ஸ்பெக்டர் வெள்ளைச்சாமி. அவர் எங்கள் கம்பெனி ஆள் இல்லை, வேலையைச் சோதிக்கும் ஆலோசனை நிறுவனத்தின் ஆள். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு கான்கிரீட் கார்டு உண்டு. பதினோரு கட்டம். ஏழாவது கட்டம்: “வைப்ரேட்டர் வேலை, பொறுப்பாளர் பெயர், கையெழுத்து.” முதல் பேனலின் கார்டில் அந்தக் கட்டத்தில் நான் “இல்லை” என்று எழுதியிருந்தேன்.

“இல்லைன்னா என்னய்யா அர்த்தம்?” என்றார் வெள்ளைச்சாமி.

“இந்தக் கான்கிரீட்டுக்கு வைப்ரேட்டர் கிடையாது சார்.”

“அது உங்க கான்கிரீட்டோட பிரச்சன. கட்டத்துல ஆள் பேர் இல்லாத கார்டுல நான் கையெழுத்துப் போட்டதில்ல. முதல் கார்டு போனது போகட்டும். ரெண்டாவதுல பேர் இல்லன்னா ரெண்டாவது பேனல் கிடையாது.”

அடுத்த லாரி கலவையோடு வந்து நின்றது. இந்தக் கலவை நேரமானால் இறுகும். நான் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். முந்திரி மரத்தடியில் கேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“மாமா, இதுல ஒரு கையெழுத்து.”

“எதுக்கு?”

“வைப்ரேட்டர் கட்டம். சும்மா பேருக்குத்தான்.”

“ஊசியே வேணாம்னாரு லேப் சாரு. இப்ப பொறுப்பு மட்டும் என்னுதா?”

“கட்டம் காலியா இருக்கக் கூடாதாம். அவ்ளோதான் மாமா. லாரி நிக்குது.”

அவர் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கினார். ஏழாவது கட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு மறுபடியும் படித்தார். பேனாவை அழுத்தி, ஓர் எழுத்தும் விடாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் ஓடினேன்.

பெயரைப் பார்த்ததும் வெள்ளைச்சாமி கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். லாரியில் மாதிரி எடுத்துக் கூம்பு பார்த்தேன்: அறுபத்தாறு. நல்ல கலவை. சோதனைக்குப் பன்னிரண்டு கட்டிகள் வார்த்து, அச்சோடு தள்ளுவண்டியில் ஏற்றி, லேபுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். குலுங்கக் கூடாது என்று மெதுவாகப் போனதில் நாற்பது நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்தபோது இரண்டாவது பேனல் நிறைந்து, மேல் மட்டம் கண்ணாடி போலத் தேய்த்து முடிக்கப்பட்டிருந்தது. முந்திரி மரத்தடியில் ஊசியைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். உபயோகிக்காத ஊசியை எதற்குக் கழுவினார்கள் என்று நான் கேட்கவில்லை.

*

மார்ச் 24, இருபத்தெட்டாம் நாள். சுவரைத் துளைத்து, உருளையாக வெட்டி எடுத்துப் பார்ப்பது முறை. எங்கே துளைப்பது என்று வெள்ளைச்சாமி முடிவு செய்தார். இரண்டாவது பேனல், மேலிருந்து ஓரடி.

வந்த உருளையில் ஒரு ஜல்லிகூட இல்லை. வெறும் பசை காய்ந்த கட்டி. வெள்ளைச்சாமி கட்டை விரலால் அழுத்தியதும் விளிம்பு உதிர்ந்தது. கீழே ஓர் இடத்தில் துளைத்தோம். அங்கே ஜல்லி மேல் ஜல்லியாக அடைத்துக் கிடந்தது, இடையில் பிடிப்பு இல்லை.

“தானா ஓடுதுன்னீங்க. தானா பிரிஞ்சும் போவுது சார்,” என்றார் வெள்ளைச்சாமி. “இதுல சுரங்கத் தண்ணிய விட்டா ரெண்டு வருஷத்துல கம்பி வெளிய தெரியும்.”

சைமன்ராஜ் முதல் பேனலைக் காட்டினார். “முதல் பேனல்ல ஒரு துளை போட்டுப் பாருங்க சார். ஒரே ஒரு துளை.”

“ஒரே கலவ, ஒரே நாள். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். எல்லாச் சோத்தையும் பிசைஞ்சு பாக்க எனக்கு நேரம் இல்ல.”

கேங் சிரித்தது. “கூழு ஆறிப்போச்சு சார்,” என்றான் பெரியண்ணன். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. தரையில் கிடந்த உருளையை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் கழுவிய ஊசி நினைவுக்கு வந்தது. இது அந்த ஆள் வேலை என்று முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பம் போனேன். அவர் வாசலில் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

“ரெண்டாவது பேனல்ல ஊசி விட்டீங்களா இல்லையா?”

“வுட்டேன்.”

மறுப்பார் என்று நினைத்து வந்தவன் நான். “வேணும்னே கெடுத்திருக்கீங்க. பத்து மாசம் நான் பட்ட பாடு…”

“டேய்.” அவர் எழுந்தார். கையெல்லாம் கிரீஸ். “கெடுக்கணும்னா ஒரு கொடம் தண்ணிய ஊத்திட்டு நான்பாட்டுக்குப் போயிருப்பேன்டா. நீயும் உன் சாரும் கூம்ப வச்சிகினு ஆயுசுக்கும் தேடியிருப்பீங்க. ஊசிய வுட்டுக் கெடுக்க நான் இன்னா கேனையா?”

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“கையெழுத்து யாரு கேட்டது?”

அவர் கையிலிருந்த கிரீஸைக் கந்தலில் துடைத்தார்.

“ஒண்ணு ஊசி வுடாதன்னு சொல்லு. இல்ல, ஊசிக்குப் பொறுப்புன்னு கையெழுத்து கேளு. ரெண்டையும் ஒரே நாள்ல சொன்னா நான் எத எடுத்துகிறது? மொதப் பேனலுக்கு நீ கேக்கல, நான் தொடல. நின்னு வேடிக்கதான பாத்தேன்? ரெண்டாவதுக்கு என் பேரு எழுதி வாங்குன. நாளைக்கு அது தேன்கூடாப் போனா, வாய் வார்த்தையா வேணாம்னு சொன்னாருன்னு எவன்கிட்ட போயி சொல்லுவேன்? என் பேரு இருக்கிற கான்கிரீட்டுல ஊசி எறங்கும். அஞ்சு எண்ணி எடுத்தேன், எல்லா எடத்துலயும். ஒழுங்கா வுட்டேன்.”

“சும்மா பேருக்குன்னு சொன்னேனே.”

“உன் பேருக்கா, என் பேருக்கா?”

அக்கா வாசலுக்கு வந்திருந்தாள். கையில் கரண்டி. “போயி உங்க ஆபீசுல எழுதிக் குடு, போ. எங்க ஊட்டுக்காரரு ஊசி வுட்டாருன்னு எழுது. உன் சுவரு பொழச்சுக்கும். ஆனா அதுல இதையும் எழுது, கார்ட கொண்டாந்து நீட்டுனது யாருன்னு.”

“அக்கா…”

“கடசி பஸ்ஸு இருக்குது. போயிடு. இனிமே லேப் வேலையா இந்த வாசல மிதிக்காத.”

மறுநாள் காலை சைமன்ராஜ் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். “ஊசி விட்டாங்களா செல்வகுமார்? உள்ள கல்லு கிடக்கிறதப் பாத்தா அப்படித்தான் தெரியுது. நீங்க பாத்தீங்களா?”

ஏப்ரல் ஒன்றாம் தேதி என் ஆறு மாதம் முடிகிறது. ஊசி விட்டார்கள் என்று சொன்னால் கார்டை எடுப்பார்கள். கார்டை எடுத்தால் ஏழாவது கட்டத்தில் தெய்வசிகாமணி இருப்பார், பதினோராவது கட்டத்தில், லேப் சார்பாக, நான் இருப்பேன். வைப்ரேட்டர் கூடாத கான்கிரீட்டுக்கு வைப்ரேட்டர் பொறுப்பு எழுதி வாங்கிய முட்டாள் யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

“தெரியல சார்,” என்றேன். “நான் லேபுல இருந்தேன்.”

சைமன்ராஜை அடுத்த வாரம் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: “கட்டிகளத் தூக்கிப் போட்டுடாதீங்க. தொண்ணூறு நாள் வரைக்கும் எடை பாருங்க. சாம்பல் போட்டதுல பலம் மெதுவாத்தான் ஏறும், ஆனா ஏறும்.” என் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. பழைய கலவைக்குத் திரும்பினோம். எட்டுப் பேரின் ஊசி மறுபடி இரையத் தொடங்கியது. என்னைக் கடக்கும்போதெல்லாம் பெரியண்ணன் குடிப்பதுபோலக் கையை வாய்க்குக் கொண்டுபோய், “கூழு, கூழு,” என்றான். தெய்வசிகாமணி என் பக்கம் திரும்புவதே இல்லை. அவர் நினைத்தால் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். நான் நினைத்தால் அவரை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அது நட்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லேபின் பின்பக்கம் இரண்டு டிரம்கள். சல்பேட் உப்பு கரைத்த தண்ணீர், சுரங்கத் தண்ணீரைவிடப் பல மடங்கு கடுமையானது. ஒன்றில் பழைய கலவைக் கட்டிகள், ஒன்றில் புதுக் கலவைக் கட்டிகள். ஒவ்வொரு புதன்கிழமையும் எடுத்துத் துடைத்து எடை போட்டேன். மே மாதம் பழையவற்றின் முனைகள் உதிரத் தொடங்கின, கையில் வெள்ளையாக ஒட்டியது. புதியவற்றின் முனை விரலைக் கீறியது. யாரும் கேட்காத அந்த எண்களை எழுதி வைத்தேன்.

*

மே 19ஆம் தேதி மேனேஜர் சோதனைச் சுவரை உடைக்கச் சொன்னார். அந்த இடத்தில் லாரிப் பாதை வரவேண்டும். தேறாத சுவர்தானே என்று வைப்ரேட்டர் கேங்கிடமே கொடுத்தார். உளி, சம்மட்டி, கரண்டில் ஓடும் ஒரு சின்ன பிரேக்கர். நாலு நாள் கெடு.

இரண்டாவது பேனல் இரண்டே நாளில் தரைமட்டம். வியாழக்கிழமை சாயங்காலம் கேங் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை முதல் பேனலில் கை வைத்தார்கள். வெள்ளி, சனி, திங்கள். மூன்று நாள் கத்திரி வெயிலில் அடித்து, மேல் மூலையில் ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. சின்ன பிரேக்கர் இரண்டு தடவை சூடேறி நின்றது. செவ்வாய்க்கிழமை மேனேஜர் வந்து பார்த்தார்.

“ஒரு பேனல் ரெண்டு நாள்ல விழுந்துச்சு. அதே கான்கிரீட், இது ஏன் விழல? என்கிட்டயே வேலய இழுக்கறீங்களா? நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள தரை தெரியணும். தெரியலன்னா எட்டுப் பேரும் கேட் பாஸக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. சோம்பேறிப் பசங்களுக்கு இங்க எடமில்ல.”

மத்தியானம் லேப் கதவு திறந்தது. தெய்வசிகாமணி. இரண்டு மாதத்தில் முதல் தடவை. அவர் என் மேசைமேல் எதையோ போட்டார். உளி. முனை மழுங்கி, காளான் மாதிரி விரிந்திருந்தது.

“அஞ்சாவது,” என்றார். “காலையில கொல்லன்கிட்ட அடிச்சது.”

“என்ன செய்யணும்?”

“பேப்பர் எழுது. அந்தச் சுவரு ஒடையாத சுவருன்னு. பெரிய கம்ப்ரசர் மெஷினு இல்லாம ஆவாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தாளுகிட்ட குடு.”

எனக்கு உள்ளே ஏதோ குரூரமாகச் சிரித்தது. “சாம்பக் கூழுதானே மாமா. உடையலயா?”

அவர் கையை விரித்துக் காட்டவில்லை. ஆனால் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தன. “நக்கல் பண்ணிக்கோ. உன் நேரம்.”

“நான் எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா? அந்தச் சுவர் நல்ல சுவர்னு ஆயிரும். சைமன்ராஜைத் திரும்பக் கூப்பிடுவாங்க. ஊசி வேலை அதோட முடிஞ்சுது.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் கேக்கறீங்க?”

“நாளைக்கு எப்படியும் வெளிய அனுப்பப் போறான். சோம்பேறின்னு சொல்லி அனுப்புவான். இந்த சைட்ட வுட்டா அடுத்த சைட்டுலயும் அதான் சொல்லுவான். பெரியண்ணன் கையப் போயி பாரு, சம்மட்டியப் புடிக்க முடியாம துணி சுத்தி வச்சிருக்கிறான். உன் சுவரு ஒஸ்தின்னு சொல்ல நான் வரல. உன் சுவரு நாசமாப் போவட்டும். ஆனா அது ஒடையல. ஒடையாதத ஒடையலன்னு எழுதறதுக்கு உனக்கு இன்னா வலிக்குது?”

வலித்தது. ஒரே கலவை, ஒரே நாள், ஒன்று விழுகிறது, ஒன்று விழவில்லை என்று எழுதினால் ஏன் என்பதையும் எழுத வேண்டும். இதை அவரிடம் சொன்னேன்.

“எழுது,” என்றார். “நான் இல்லன்னு சொல்லப் போறதில்ல. நீ சொல்லுவியா மாட்டியா, அது உன் பாடு.”

நான் துளைக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். தொண்ணூறாவது நாள் அன்று என்பது போகிற வழியில்தான் நினைவுக்கு வந்தது. கேங் நிழலில் உட்கார்ந்திருந்தது, யாரும் கூழு என்று சொல்லவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு உருளைகள் வெட்டினேன். மேலே எப்படி ஜல்லி பரவியிருந்ததோ, அப்படியே கீழேயும். அழுத்தும் மெஷினில் வைத்தபோது முள் தேவையான அளவைத் தாண்டி, இன்னும் மேலே போய், மெஷினே முனகிய பிறகு பெரிய சத்தத்தோடு உடைந்தது. தெய்வசிகாமணி பக்கத்தில் நின்று முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேப்பர் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. முதல் பேனலின் வலிமை இவ்வளவு, கம்ப்ரசர் பிரேக்கர் தேவை, கேங்கின் வேலையில் குறை இல்லை. டிரம்மில் கிடந்த கட்டிகளின் எடை, புதன் புதனாக. இரண்டாவது பேனலில் வைப்ரேட்டர் ஊசி விடப்பட்டது, அதனால் கல்லும் பசையும் பிரிந்தன. ஊசி விட்டவர் பெயர். அவரை அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னவர் பெயர். மார்ச் 25 அன்று இதைக் கேட்டபோது, கையெழுத்து வாங்கிய ஆள் தெரியாது என்று பொய் சொன்னது. தாளை அவரிடம் நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார்.

“கடசி வரிய எழுதச் சொல்லி நான் கேக்கல,” என்றார்.

“தெரியும்.”

“எழுதிட்டா சரியாப் போச்சுன்னு நெனைக்காத.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உளியை எடுத்துக்கொண்டு மேனேஜர் ஆபீஸ் பக்கம் போனார்.

*

கம்ப்ரசர் வந்தது. அதற்கும் அந்தச் சுவர் நாலு நாள் பிடித்தது. எட்டுப் பேரில் ஒருவரையும் சோம்பேறி என்று யாரும் வெளியே அனுப்பவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது, ஆறு மாதம் மூன்று மாதமாகச் சுருங்கியது. சைமன்ராஜ் ஜூலையில் திரும்பி வந்தார். என்னைப் பார்த்து, “அன்னைக்கே சொல்லியிருந்தா எம்புள்ள ரெண்டு ஸ்கூல் மாறியிருக்க மாட்டான்,” என்றார். அதற்குப் பிறகு வேலை தவிர வேறு எதுவும் அவர் என்னிடம் பேசியதில்லை. கான்கிரீட் கார்டில் ஏழாவது கட்டத்தை அடித்துவிட்டு மறுபடி ஒரு சுவர் வார்த்தார்கள். வெள்ளைச்சாமி ஆறு இடத்தில் துளைத்தார். ஆறிலும் தேறியது.

செப்டம்பரில் வைப்ரேட்டர் கேங்கை இரண்டு பேராகக் குறைத்தார்கள், அடித்தளத்துக்குப் பழைய கலவை போடுவதற்காக. அந்த இரண்டு பேரில் தெய்வசிகாமணி இல்லை. பேப்பரில் பெயர் வந்த ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்றார் மேனேஜர். அதே பேப்பரில் பெயர் வந்த என்னை வைத்துக்கொண்டார். கலவை எடை எனக்குத்தான் அத்துப்படி. டிசம்பரில் என்னை லேப் பொறுப்பாளனாக்கினார்கள்.

தெய்வசிகாமணி பண்ருட்டியில் ஒரு முந்திரி ஆலையில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

2005 பொங்கலுக்கு முந்தின நாள் அக்காவுக்கு வரிசை கொண்டுபோனேன். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வாங்கிய கரும்புக் கட்டு. தம்பி வரிசை கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களில் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் போனேன். தெய்வசிகாமணி வாசல் படலைத் திறக்காமல், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

“கால்வாயில தண்ணி வுட்டாச்சா?” என்றார்.

“விட்டாச்சு மாமா. போன மாசம்.”

“கசியுதா?”

“இல்ல.”

“எங்கயும்?”

“ரெண்டு கிலோமீட்டரும் நடந்து பாத்தேன். ஒரு சொட்டு இல்ல.”

அவர் என் காலடியில் கிடந்த கரும்புக் கட்டைப் பார்த்தார்.

“கசியும்,” என்றார். “எங்க போயிடப் போவுது. அதப் பாக்க நானும் இங்கதான் இருக்கிறேன்.”

பிறகு படலை ஓர் ஆள் நுழையாத அளவுக்குத் திறந்து, கரும்பை மட்டும் இழுத்து உள்ளே போட்டுக்கொண்டு மூடினார்.